விழித்திருந்த மணிக்கணக்கு

தெக்கலூர்ப் பையன் ஒருவன் போன மாதம் வீட்டுக்கு வந்தான். ஹெவி லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம் ஆகிறது. இரண்டு இடத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று, டெல்லி லைனில் ஓடும் பன்னிரண்டு சக்கர வண்டி. டபுள் டிரைவர், இவன் இரண்டாவது ஆள். இன்னொன்று, தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கன்டெய்னர். சிங்கிள்.

"எதுக்குப் போறதுங்ணா?" என்று கேட்டவன், நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பதிலும் சொன்னான். "தூத்துக்குடின்னா 350 கிலோமீட்டருக்குள்ளதானுங்க. தனியா ஓட்டிக்கலாம். இன்னொருத்தர்கிட்டப் பேச்சு வாங்க வேண்டியதில்ல. படியும் பங்கு போட வேண்டாம்."

நானும் ஒரு காலத்தில் இதே கணக்கைப் போட்டவன்தான். 1998இல் லாரி ஏறினேன். கிலோமீட்டர் குறைந்தால் கஷ்டம் குறையும் என்று நினைப்பது புதுசாக வருகிற எல்லோருக்கும் உள்ள நினைப்பு. "கிலோமீட்டர விடு கண்ணு, எத்தன மணி நேரம் முழிச்சிருக்கறேன்னு எண்ணு" என்றேன். அவனுக்குப் பிடிபடவில்லை. பேசி முடிக்க ராத்திரி பத்தாகிவிட்டது.

திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கன்டெய்னர் எடுத்துப் போனவர்களுக்குத் தெரியும், டிரைவருடைய நாள் வண்டி நகரும்போது தொடங்குவதில்லை. காலை ஒன்பது மணிக்கெல்லாம் கம்பெனி கேட்டில் வண்டி நிற்க வேண்டும். பதினோரு மணிக்கு லோடு ஏறும் என்பார்கள். உள்ளே அயர்னும் பேக்கிங்கும் முடிந்திருக்காது. பையர் தரப்பு ஆள் வந்து நாலு பெட்டியைப் பிரித்துப் பார்த்து ஓ.கே. சொல்லியிருக்க மாட்டார். மணி மூன்றாகும், ஐந்தாகும். கண்ணை மூடினால் வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டுவார்: "வண்டியக் கொஞ்சம் முன்னால எடுங்க." கேபின் வெயிலில் அடுப்பாகக் காயும். அட்டைப்பெட்டிகளை எண்ணி, ஏற்றி, சீல் போட்டு, பில் கைக்கு வரும்போது இரவு எட்டு. கப்பலுக்குப் பெட்டி உள்ளே போக வேண்டிய நேரம் மறுநாள் காலை.

அப்புறம் தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை ரிங் ரோடு. அருப்புக்கோட்டை தாண்டி எட்டயபுரம் நெருங்கும்போது மணி மூன்று இருக்கும். இரண்டு பக்கமும் கரிசல்காடு. ரோடு அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராகப் போகும். அந்த நேரத்தில் டிரைவர் கண் விழித்து இருபத்தொரு மணி நேரம் ஆகியிருக்கும். 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வாளர்கள் செய்தது. பதினேழு மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் இருப்பவனுடைய கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவனுடைய அளவுக்கு மந்தமாகிவிடுமாம். நம் நாட்டில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வழக்கு. ஒரு சொட்டுக் குடிக்காத பையன் அந்தக் கரிசல்காட்டில் குடிகாரனாக வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான். எந்த போலீஸ்காரர் ஊதச் சொல்லும் கருவியிலும் அது தெரியாது.

எனக்கு அது ஒட்டன்சத்திரம் தாண்டி நடந்தது. சிங்கிளாக ஓட்ட ஆரம்பித்த முதல் வருடம். டீ குடித்து அரை மணிகூட ஆகவில்லை. இடது பக்க டயர் மண்ணில் இறங்கிக் கல்லைக் கடித்த சத்தம்தான் என்னை எழுப்பியது. கண் திறந்தே இருந்தது என்று கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன், ஆனால் நடுவில் கொஞ்ச தூரம் ரோடே ஞாபகத்தில் இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நாலு நொடி கண்ணயர்ந்தால் வண்டி 67 மீட்டர் போயிருக்கும். இறங்கிப் பார்த்தேன். முன்னால் புளியமரம், பத்தடியில்.

எங்கள் அவிநாசி பைபாஸில் நடந்ததை இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. 2020 பிப்ரவரி 20, விடியாத நேரம். பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசு பஸ்மீது, எதிர்ப்பக்கம் சேலம் நோக்கி வந்த கன்டெய்னர் லாரி நடுத்திட்டைத் தாண்டிப் பாய்ந்தது. பத்தொன்பது பேர் செத்துப்போனார்கள். முதலில் டயர் வெடித்துவிட்டது என்றார்கள். லாரி டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார் என்பது பிறகு வந்த பேச்சு. அந்த பஸ்ஸில் இருந்த பணியாளர் இரண்டு பேருமே டிரைவர் வேலையும் கண்டக்டர் வேலையும் தெரிந்தவர்கள், ஸ்டியரிங்கை மாற்றிக்கொள்ளக்கூடியவர்கள். இரண்டு பேரும் போய்விட்டார்கள். தங்கள் வண்டியில் மாற்று ஆள் இருந்தும், எதிரே வருகிறவனுடைய தூக்கத்திலிருந்து அவர்களால் தப்ப முடியவில்லை. ஒவ்வொரு முறை அந்த இடத்தைத் தாண்டும்போதும் அந்த எண்ணம் வராமல் இருப்பதில்லை.

"அப்ப டபுளே நல்லதுங்களா?" என்றான் பையன். அதற்கும் ஆமாம் என்று சட்டென்று சொல்ல முடியாது.

எனக்கு முதலில் வாய்த்தவர் சங்ககிரிக்காரர். ரோட்டில் எங்களுக்கெல்லாம் ஊர்தான் பேர். அவரோடு டெல்லிக்கு ஓடினேன், போக வர ஐயாயிரம் கிலோமீட்டர். போகும்போது பனியன் பண்டல். வரும்போது பெரும்பாலும் ஆதிலாபாத் பஞ்சு, பேல் ஒன்று 170 கிலோ. அவரிடம் நான் முதலில் படித்த பாடம் தூங்குவது. ஓடுகிற வண்டியில், பின் பெர்த்தில், உயிரை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத் தூங்குவது சின்ன வேலை இல்லை. முதல் நாலு நாள் ஒவ்வொரு பிரேக்குக்கும் எழுந்து உட்கார்ந்தேன். "படுடா, நான் சாகறப்ப உன்னையும் எழுப்பறேன்" என்றார்.

அப்படிப் படுத்துக் கிடந்தே ரோட்டைப் படித்தேன். தொப்பூர் கணவாயை நான் கண்ணால் பார்த்து ஓட்டியதற்கு முன்பே முதுகால் தெரிந்துவைத்திருந்தேன். பெங்களூர்ப் பக்கமிருந்து சேலத்துக்கு இறங்கும்போது, டீசல் மிச்சம் என்று நியூட்ரல் போட்டு உருட்டுகிறவர்கள் உண்டு. பாதி இறக்கத்தில் பிரேக் சூடேறி மிதி கீழே போய்விடும். அவர் மேலேயே கியரைக் குறைத்துவிடுவார். எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து இறக்கும். அந்த முனகல் இன்னும் என் விலா எலும்பில் இருக்கிறது.

நான் தூங்கி எழுந்ததும் அவர் ஸ்டியரிங் தர மாட்டார். கம்பியைக் கையில் கொடுத்து எல்லா டயரையும் தட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். அப்புறம் டீ. அப்புறம்தான் சீட். காற்றுக் குறைந்த டயர் மந்தமாகச் சத்தம் கொடுக்கும், அதைக் கண்டுபிடிக்கத்தான் தட்டச் சொல்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தூங்கி எழுந்தவனுடைய மூளை தெளியக் கால் மணி, அரை மணி ஆகும் என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். டயர் தட்டி டீ குடிக்க ஆகும் நேரமும் அதேதான்.

ஒரு ராத்திரி நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது: "ஓரங்கட்டு." எதற்கென்று கேட்டேன். "பாட்டுச் சத்தத்தக் கூட்டறே. ரெண்டு தடவ கூட்டிட்டே." தூக்கம் வருகிறதென்று சொல்ல எனக்கு வெட்கம். இருபத்திரண்டு வயது ரோஷம். பெர்த்தில் படுத்திருந்தவருக்கு அது கேட்டிருக்கிறது.

அந்தக் காலத்தில் கிளீனர் என்று ஒரு ஆளும் இருந்தான். எங்கள் அவிநாசித் தேர் ஓடும்போது வடம் பிடிக்கிற கூட்டத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். சக்கரத்துக்கடியில் சன்னக்கட்டை போடுகிறவர் குனிந்தே வருவார், யார் கண்ணிலும் பட மாட்டார். அவர் கை பிசகினால் தேர் வீட்டுக்குள் போய்விடும். கிளீனர் அப்படிப்பட்ட ஆள். மேட்டில் கட்டை போடுவான், ரிவர்ஸில் தட்டிச் சைகை கொடுப்பான், டிரைவரைப் பேச்சுக் கொடுத்து விழிக்கவைப்பான். நாலைந்து வருடம் அப்படி இருந்துவிட்டுத்தான் ஸ்டியரிங் தொடுவான். இப்போது முக்கால்வாசி வண்டியில் கிளீனர் கிடையாது. டிரைவிங் ஸ்கூல் மைதானத்திலிருந்து பையன்கள் நேராக நாற்பதடிக் கன்டெய்னருக்கு வருகிறார்கள். கிளீனர் வேலையில் கிடைத்த படிப்பு இனிக் கிடைக்க இரண்டாவது டிரைவர் சீட் ஒன்றுதான் மிச்சம்.

ஆனால் எல்லா டபுளும் சங்ககிரிக்காரர் இல்லை. அடுத்து நான் ஏறிய வண்டியில் மூத்த டிரைவர் சாயங்காலத்தையும் காலையையும் தனக்கு எடுத்துக்கொண்டார். நடுராத்திரி பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை தினமும் என் தலையில். அவர் பிரேக் அடிக்கிற அடியில் பகலில் எனக்குத் தூக்கம் கிடையாது. என் ஓட்டத்தில் நம்பிக்கை இல்லாததால் ராத்திரி அவருக்கும் கிடையாது. ஒரு வண்டியில் தூங்காதவர்கள் இரண்டு பேர். முதலாளி தினமும் போன் செய்வார்: "ரெண்டு பேரு இருக்கீங்கல்ல, வண்டி எதுக்கு நிக்குது?" இரண்டு டிரைவர் என்றால் நிற்காத வண்டி என்று அர்த்தம் செய்துகொள்கிற முதலாளியிடம் டபுள் போவதைவிட, ஊருக்குள் நூல் மூட்டை அடிக்கலாம்.

அவசரம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். சரக்கோடு போகும் இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் தருகிறது. அவிநாசியிலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர், அப்படியானால் பதின்மூன்று நாள். அரசாங்கம் பதின்மூன்று நாள் கொடுக்கிற சரக்கை நாலே நாளில் கேட்கிறவர் புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார். நாளுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு நடுவே அரை மணி ஓய்வு என்று 1961லேயே மோட்டார் தொழிலாளர் சட்டம் எழுதியது. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்றும் விதி இருந்தது. 2018இல் அதைத் தளர்த்திவிட்டார்கள். ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நிறுத்தியே ஆக வேண்டும், வண்டியில் இருக்கும் கருவி அதைப் பதிவு செய்யும். இங்கே பதிவு செய்கிற கருவி டிரைவருடைய பெண்டாட்டியின் போன்தான். 2025 அக்டோபர் முதல் தயாராகும் பெரிய லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயமாகியிருக்கிறது. நல்லது. பகலில் தூங்க அது உதவும். பழைய வண்டிக்காரர்கள் வேப்பமரம் தேட வேண்டியதுதான்.

படி பங்கு போவதைப் பற்றிப் பையன் மறுபடியும் கேட்டான். வாடகையில் சதவீதம் பேசினால் இரண்டு பேர் பிரிக்க வேண்டும், குறையத்தான் செய்யும். அதற்குப் பதில் வண்டி சீக்கிரம் திரும்பும், மாதத்தில் நடை கூடும். என் அனுபவத்தில் சிங்கிள் ஆள் ஒழுங்காகத் தூங்கினால் நாளுக்கு 350, 400 ஓட்டலாம். ஒத்துப்போகிற இரண்டு பேர் 600 ஓட்டுவார்கள். கையில் நிற்கிற பணம் பெரிதாக வித்தியாசப்படாது.

கடைசியில் அவனிடம் சொன்னது இதுதான். டெல்லி வண்டிக்குப் போ, குறைந்தது ஒரு வருடம். ஆனால் சரி என்று சொல்வதற்கு முன் அந்த மூத்த டிரைவரோடு சேலம் வரை ஒரு நடை போய் வா. ஸ்டியரிங் கேட்காதே. பின் பெர்த்தில் படு. தூக்கம் வந்தால் சேர்ந்துகொள், வராவிட்டால் இறங்கிவிடு. அவர் தனக்குத் தூக்கம் வருகிறதென்று வாய்விட்டுச் சொல்கிறவரா என்பதையும் பார். தூத்துக்குடி அங்கேயேதான் இருக்கும். தன் தூக்கத்தைத் தானே கண்டுபிடிக்கத் தெரிந்த பிறகு சிங்கிள் ஓட்டலாம்.

போய் வந்தான். சங்ககிரி வருவதற்குள் தூங்கிவிட்டானாம், சேலத்தில் தட்டி எழுப்பியிருக்கிறார்கள். போன வாரம் டெல்லி லோடு ஏறினான்.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டி எப்போது தயாராகும் என்று உங்கள் பேக்கிங் மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். சாயங்காலம் ஐந்துக்குத்தான் லோடு என்றால் வண்டியை நாலரைக்குக் கூப்பிடுங்கள். முன்கூட்டியே வந்தாக வேண்டுமென்றால் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூரை, ஒரு மின்விசிறி, ஒரு பாய் போடுங்கள். வாட்ச்மேனிடம், தூங்குகிற டிரைவரைத் தட்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.