பத்தரை வருசம், ஒரு சீரம்

போன வருசம், 2025 மார்ச் 18 காலையில, "சீரம் 2 வந்துடுச்சு"ன்னு கூவிக்கிட்டே அடுப்படிக்கு ஓடினேன். தங்கமணி தோசைக்கல்லுல இருந்து கண்ணை எடுக்காம, "எத்தனை மில்லி? மூஞ்சிக்கா, தலைமுடிக்கா?"ன்னு கேட்டாங்க. அவங்க மேல தப்பே இல்ல. எங்க வீட்டுல சீரம்னா கண்ணாடி முன்னாடி இருக்குற சின்ன பாட்டில்தான். நான் சொன்னது சிந்தசைசர். அதுவும் கட்டை வச்சு, ஸ்டாண்டு போட்டு, கச்சேரி மேடையில நிக்குற சமாச்சாரம் இல்ல. பொட்டிக்குள்ளேயே இருக்குற மென்பொருள். எக்ஸ்ஃபர் ரெக்கார்ட்ஸ்னு ஒரு அமெரிக்கச் சின்னக் கம்பெனி, ஸ்டீவ் டுடான்னு ஒரு மனுசன். முதல் சீரம் வந்தது 2014 செப்டம்பர்ல. ரெண்டாவது வந்தது 2025 மார்ச் 17-ல. நடுவுல பத்தரை வருசம். நான் ஒருத்தன் மட்டும் காத்திருந்ததா நினைச்சுடாதீங்க, உலகம் பூரா ஒரு கூட்டமே காத்துக்கிட்டிருந்துச்சு.

இசை ஆர்வம் இல்லாதவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கிடறேன், பொறுத்துக்குங்க. வேவ்டேபிள்னு ஒரு முறை இருக்கு. ஒரே ஒரு அலைவடிவத்தைத் திருப்பித் திருப்பி வாசிக்காம, பல அலைவடிவங்களை வரிசையா அடுக்கி வச்சு, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு நழுவிப் போறது. சின்ன வயசுல நோட்டுப்புத்தக ஓரத்துல பக்கத்துக்குப் பக்கம் பொம்மை வரைஞ்சு சர்ருனு புரட்டுவோமே, அது மாதிரி. ஜெர்மனிக்காரர் வுல்ஃப்காங் பாம், 1980-கள்ல அவரோட பிபிஜி வேவ் கருவிகள்ல இதைத்தான் பண்ணினார். சீரத்துல ஒரு டேபிளுக்கு 256 படம் வரைக்கும் அடுக்கலாம், ஒவ்வொண்ணுலயும் 2048 புள்ளி.

இதெல்லாம் சீரத்துக்கு முன்னாடியே உண்டு. பெர்லின்ல இருந்து வந்த மாஸிவ் ஒரு காலத்துல கொடிகட்டிப் பறந்துச்சு, டப்ஸ்டெப் பாட்டுல வர்ற அந்த உறுமல் எல்லாம் பெரும்பாலும் அதோட கைங்கர்யம். ஆனா சீரம்ல புதுசு என்னன்னா, சத்தம் கண்ணுக்குத் தெரியும். குமிழைத் திருப்பினா அலை அங்கேயே நெளியும், வளையும், முள்ளு முள்ளா நிக்கும். எனக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது, கர்நாடக சங்கீதம் கேட்டதோட சரி. பகலெல்லாம் ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்கார்ற ஆளுக்கு, சத்தம் இப்படி வடிவமா தெரிஞ்சது பெரிய வரப்பிரசாதம்.

அப்போ விலை 189 டாலர். ஒரே மூச்சுல கொடுக்குற அளவுக்கு நான் ஒண்ணும் மிராசுதார் இல்ல. 2016-ல ஸ்ப்ளைஸ்காரங்க மாசம் 9 டாலர் 99 சென்ட் கட்டிக் கட்டி முடிச்சா உனக்கே சொந்தம்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. பாத்திரச் சீட்டு மாதிரிதான். அப்போதைய கணக்குல மாசம் எழுநூறு ரூபாய்க்குள்ள. பத்தொன்பது மாசம் கட்டினேன். கடைசித் தவணை முடிஞ்ச அன்னிக்கு வீட்டுல பாயசம் வைக்கச் சொல்லிக் கேட்டேன், மறுக்கப்பட்டது.

காசு கட்டி முடிச்சவனுக்கு அடுத்த ஆசை வரணுமே, வந்துச்சு. வெளியில இருக்குற சத்தத்தை உள்ள கொண்டு வரணும். எங்க அம்மாகிட்ட ஒரு பழைய துருத்தி சுருதிப்பெட்டி இருக்கு. அதுல காத்து குறையுறப்போ சுருதி ஒரு நூலளவு தளர்ந்து, மறுபடி அமுக்கினதும் நிமிரும். அந்தத் தளர்வுதான் எனக்கு வேணும். எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியில அது கிடையாது. அதை ஒலிப்பதிவு பண்ணி முதல் சீரத்துல போட முறையான வழி இல்ல. இரைச்சலுக்குன்னு ஒரு பகுதி இருக்கும், காத்துச் சத்தம், மழைச் சத்தம் போடறதுக்கு. நம்மாளுங்க அதுல சொந்தப் பதிவைச் சொருகி வேலை வாங்கினாங்க. நானும் சொருகினேன். முழுசா ஒரு தடவை ஓடும், இல்லாட்டி மொத்தமா சுத்திச் சுத்தி வரும். நடுவுல ஒரு அரை நொடியை மட்டும் நிறுத்திப் பிடிச்சு நீட்டுன்னா நீட்டாது. அதை வேவ்டேபிளா மாத்தினா சுருதிப்பெட்டி போய் ஹார்மோனியத்துக்கும் தேனீக்கும் பொறந்த ஏதோ ஒண்ணு வரும்.

சரி, அடுத்த பதிப்புல வந்துடும்னு இருந்தேன். வருசம் ஓடிச்சு. 2018-ல ஆர்ட்டூரியாவோட பிக்மெண்ட்ஸ் வந்துச்சு. 2019-ல மாஸிவ் எக்ஸ், அதுவே பிப்ரவரின்னு சொல்லி ஜூன்ல வந்த கதை. 2020 நவம்பர்ல மேட் டைட்டல்னு ஒருத்தர் வைட்டல்னு ஒண்ணை விட்டார், அடிப்படைப் பதிப்பு இலவசம். இலவசம்! மெல்லிசைக் குழுவுல கீபோர்டு வாசிக்கிற என் சிநேகிதன் போன்ல சிரிச்சான்.

"ஏன்டா, புது பஸ்ஸா வந்து நின்னு நின்னு போகுது. நீ இன்னும் அந்த ஒரு பழைய டவுன் பஸ்ஸுக்கே நிக்கிற?"

"அதுலதான்டா எனக்கு எந்த சீட்டுல ஸ்பிரிங் போயிருக்குன்னு தெரியும்."

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். ஆனா யோசிச்சுப் பாத்தா அதுல விசயம் இருக்கு. புதுசு எதுவும் வராததால பழசையே நோண்ட வேண்டியதாப் போச்சு. சீரம்ல பத்து எஃபெக்ட் இருக்கு, அதுல முதல் மூணு வருசம் நான் தொட்டது நாலுதான். மீதி ஆறையும் 2020 ஊரடங்குல ஒவ்வொண்ணாத் திறந்து பாத்தேன். எல்எஃப்ஓ-வுல சொந்தமா வடிவம் வரையலாம் இல்லியா, அதுல துருத்தி ஏறி இறங்குற கோட்டை நானே வரைஞ்சு, சுருதியை நூலளவு தளரவிட்டேன். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "பெட்டியில ஓட்டை விழுந்த மாதிரி இருக்குடா"ன்னாங்க. அதை நான் பாராட்டாவே எடுத்துக்கிட்டேன்.

ஏன் இவ்ளோ தாமதம்ங்கறதுக்கு ஆளாளுக்கு ஒரு ஜோசியம் சொன்னாங்க. என் கட்சி இது. பெரிய கம்பெனின்னா மூணு வருசத்துக்கு ஒருக்கா புது நம்பர் போட்டே ஆகணும், இல்லேன்னா பழைய வாடிக்கையாளர்கிட்ட இருந்து காசு வராது. இங்க அந்த அவசரம் தெரியல. முதல் சீரத்துக்கு வந்த சில்லறைத் திருத்தங்கள் எல்லாமே இலவசம். ரெண்டாவது வந்தப்பவும் முதலாவதை வச்சிருந்தவங்களுக்குப் பைசா வாங்காம கொடுத்துட்டாங்க. பத்தரை வருச வேலை, சும்மா. சட்டையை மட்டும் மாத்தி 2018-லயே ஒண்ணை விட்டு ஆளுக்கு அம்பது டாலர் வாங்கியிருக்கலாம். அப்படி வாங்கியிருந்தா நானும் முணுமுணுத்துக்கிட்டே கட்டியிருப்பேன். அதனால தாமதத்தை நான் திட்டறதில்ல. ஆனா ஒண்ணு, எல்லாரும் இப்படிப் பண்ணணும்னு எதிர்பார்க்கறது நியாயமில்ல. விக்கிறவனுக்கும் வயிறு இருக்கு.

இப்போ விசயத்துக்கு வர்றேன். சீரத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அதோட சுத்தம். பழைய சினிமாவுல ரதம் வேகமா ஓடறப்போ சக்கரம் பின்னாடி சுத்தற மாதிரி தெரியுமே, கவனிச்சிருப்பீங்க. கேமரா நொடிக்கு 24 படம்தான் எடுக்குது, சக்கரம் அதை மிஞ்சினதும் கண்ணு ஏமாறுது. சத்தத்துலயும் இதே கூத்து உண்டு. நொடிக்கு 44,100 தடவை அளக்குறோம்னா அதுல பாதி, 22,050 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் சரியாப் பிடிக்க முடியும். அதைத் தாண்டின அதிர்வு மடங்கிக் கீழ வந்து, பாட்டுக்குச் சம்பந்தமில்லாத கிறீச்சா கேக்கும். அலியாசிங்னு பேரு. சீரம் அதை ரொம்ப அக்கறையா வடிகட்டும். மேல்ஸ்தாயியில போனாலும் கண்ணாடி மாதிரி இருக்கும். 2014-ல அதைக் கேட்டுத்தான் நான் விழுந்தேன்.

2023-ல ஆபீஸ்ல மருத்துவப் பரிசோதனை நடந்துச்சு. காதுக்கும் ஒரு கூண்டுக்குள்ள உக்காரவச்சுப் பாத்தாங்க. சத்தம் கேட்டா பட்டனை அமுக்கணும். வெளிய வந்ததும் அந்தம்மா கோட்டுப்படத்தைக் காட்டினாங்க. 4000 வரைக்கும் நேரா வருது, 8000-கிட்ட சறுக்குமரம். "வயசுக்கு இது சகஜம் சார். பேச்சு கேக்கறதுக்கு ஒண்ணும் பிரச்சனையில்ல"ன்னாங்க. பேச்சைப் பத்தி யார் கவலைப்பட்டா?

வீட்டுக்கு வந்து சீரத்தைத் திறந்து, வெறும் சைன் அலையை வச்சு ஒவ்வொரு கட்டையா மேல ஏறினேன். பக்கத்துல பொண்ணு வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டிருந்தா, அப்போ அவளுக்குப் பதினொண்ணு. 8372 ஹெர்ட்ஸ் கேட்டுச்சு, ஆனா சன்னமா. 10,548, இருக்கா இல்லையான்னு ஒரு சந்தேகம். மிடியில கடைசிக் கட்டை 127-ஆம் நம்பர், 12,544 ஹெர்ட்ஸ். திரையில அலை ஜோரா ஓடுது. எனக்கு ஒண்ணுமே இல்ல. ஸ்பீக்கர் கேபிளைத் தட்டிப் பாத்தேன்.

"ஐயோ அப்பா, நிறுத்துங்க!" பொண்ணு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. 2014-ல எனக்கு 37. அப்போ அந்தக் கட்டையெல்லாம் கேட்டிருக்கும்னுதான் நினைக்கிறேன். சரியா எந்த வருசம், எந்த மாசம் அது போச்சு? தெரியாது. மென்பொருள்னா மாத்தின தேதியும் நம்பரும் போட்டுப் பட்டியல் கொடுப்பாங்க. ரெண்டாவது பதிப்புக்காக நான் நாள் எண்ணிக்கிட்டிருந்தப்போ இது பாட்டுக்கு மேல இருந்து ஒவ்வொரு படியா இறங்கியிருக்கு. வந்தாலும் இனி அதோட பளபளப்புல பாதி எனக்கு இல்லன்னு தோணிச்சு. கொஞ்ச நாள் பொட்டியையே திறக்கல.

அப்புறம்தான் அந்த மார்ச் மாசம் வந்தது. இறக்கி நிறுவினதும் நான் முதல்ல பண்ணினது புது வசதியைப் பாத்தது இல்ல. 2017-ல நான் சேமிச்சு வச்ச ப்ரீசெட்டைத் திறந்தேன். திறந்துச்சு. ஒரு குமிழ் கூட இடம் மாறல. பழைய சீரமும் அது பாட்டுக்கு ஓரமா அப்படியே இருக்கு, பழைய பாட்டுகளைத் தொந்தரவு பண்ணல. என் பொட்டியில பத்து வருசத்துக்கு முந்தின கோப்பு சண்டை போடாம திறக்கறது அபூர்வம், அதனால அஞ்சு நிமிசம் சும்மா அதையே வாசிச்சுக்கிட்டிருந்தேன்.

புதுசுல மூணு ஆசிலேட்டர். ஒவ்வொண்ணுலயும் வேவ்டேபிள் மட்டுமில்லாம சாம்பிள், மல்ட்டிசாம்பிள், கிரானுலர், ஸ்பெக்ட்ரல் எது வேணும்னாலும் வைக்கலாம். கிரானுலர்னா பதிவைப் பொடிப்பொடியா நறுக்கித் தூவறது. அம்மாவோட சுருதிப்பெட்டியை அதுல இழுத்துப் போட்டேன். காத்து குறையுற அந்த அரை நொடியில நிறுத்தினேன். நின்னுச்சு. தளர்ந்து, விழப்போற இடத்துல விழாம, நான் கையை எடுக்கற வரைக்கும் நின்னுச்சு. இதுக்குத்தான் ஏழெட்டு வருசமா நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டிருந்தேன். இந்த சமாச்சாரம் நடக்கறதெல்லாம் 200-க்கும் 3000-க்கும் நடுவுல, என் காது இன்னும் சம்பளம் வாங்கிக்கிட்டு வேலை செய்யற இடத்துல.

பொண்ணு பின்னாடி வந்து நின்னா. "நல்லாருக்கு. ஆனா மேல கொசு மாதிரி ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்குப்பா."

எனக்கு எந்தக் கொசுவும் கேக்கல. பதிவு பண்ணினப்போ டியூப்லைட் சோக்கோ என்னமோ சேர்ந்திருக்கணும். ஃபில்டரை அவ கையில கொடுத்தேன். எலியைப் பிடிச்சு மெல்ல மெல்ல இழுத்து, "இப்போ போச்சு"ன்னா. எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியல. திரையில கோடு சாய்ஞ்சிருந்ததைப் பாத்துச் சரின்னேன்.

அதுக்கப்புறம் எது முடிச்சாலும் மேல்மாடி அவ பொறுப்பு, 8000-க்குக் கீழ என்னுது. சுருதிப்பெட்டிப் பாட்டு நாலு நிமிசம் வந்திருக்கு. அம்மா இன்னும் கேக்கல, தீபாவளிக்கு ஊருக்குப் போறப்போ போடணும். பொண்ணு ஒரு நிபந்தனை வச்சிருக்கா, பேர் போடறப்போ அவ பேருதான் முதல்ல வரணுமாம். பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு :-)