ஆங்க்ரேயின் கடலடி மேடு

விஜயதுர்க் கோட்டைச் சுவரில் நின்று மேற்கே பார்ப்பவருக்கு அரபிக் கடலைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனால் மகாராஷ்டிரத்தின் இந்தக் கடலோர ஊரிலிருந்து 105 கி.மீ. சென்றால் அலைகளுக்கு அடியில் ஒரு மேடு இருக்கிறது. 40 கி.மீ. நீளம், 15 கி.மீ. அகலம். அதன் உச்சி நீர்மட்டத்திலிருந்து 20 மீட்டர் ஆழத்தில். பெயர் ஆங்கிரியா திட்டு. 18ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயக் கப்பல்களைக் கதிகலங்க வைத்த மராட்டியக் கடற்படைத் தளபதி கானோஜி ஆங்க்ரேயின் பெயர்தான் அது.

திட்டின் மேல் பவளங்கள், அவற்றை நம்பி வாழும் மீன்கள். 2019 டிசம்பரில் விஞ்ஞானிகள் குழு ஒன்று அங்கு சென்று ஆய்வு செய்தது. ஆனால் முக்குளித்துப் பார்த்தே இவ்வளவு பெரிய பரப்பை அளந்துவிட முடியாது. அதற்கு சோனார் வேண்டும்.

கப்பலின் அடியிலிருந்து விசிறி போல ஒலி கீழே பாய்கிறது. கடல்நீரில் அதன் வேகம் விநாடிக்கு சுமார் 1,500 மீட்டர். எதிரொலி திரும்ப எடுக்கும் நேரம் ஆழத்தைச் சொல்லும். அதன் வலிமை, தரை எப்படிப்பட்டது என்பதைக் காட்டும். பாறை பலமாக எதிரொலிக்கும். சேறு ஒலியை விழுங்கிவிடும். சிக்கலும் இருக்கிறது. ஆழம் குறைந்தால் விசிறியும் குறுகும். 25 மீட்டர் ஆழத்தில் ஒருமுறை சென்றால் ஏறக்குறைய 100 மீட்டர் அகலமே பதிவாகும். 15 கி.மீ. அகலத்தை முடிக்க 150 நடை. பவளம் உயிரோடு இருக்கிறதா என்பதும் ஒலிக்குத் தெரியாது. அதற்குக் கேமராவோ முக்குளிப்பவரோ கீழே போயாக வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? கடலடியை உழுது செல்லும் இழுவலை, பவளத்தை நொறுக்கிவிடும். ஆனால் திட்டு முழுவதும் தடை என்றால் மீனவர் வயிற்றில் அடிப்பதாகும். பவளம் எங்கே, வெறும் மணல் எங்கே என்று தெரிந்தால் தடையை அளவோடு போடலாம்.

சட்டத்துக்கும் வரைபடம் தேவை. சரணாலயம் அமைக்க உதவும் 1972ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கை, கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது 22 கி.மீ. வரைதான் நீளும். அதற்கு அப்பால் 1976ம் ஆண்டு கடல் மண்டலச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு தனிப்பகுதியை அறிவிக்கலாம். அறிவிப்பதென்றால் எல்லைக்கோடு குறிக்க வேண்டும்.

கானோஜியின் காலத்தில் இந்தக் கடலைக் கடக்க அவரது 'தஸ்தக்' எனும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. அவர் பெயர் தாங்கிய திட்டுக்குக் காவல் போட, முதலில் அதன் வரைபடம் வேண்டும்.