கடல் வெளிச்சம் யாருடைய கைவேலை?

ஜப்பானின் ஆழமற்ற கடலோரங்களில், பகலில் மணலுக்குள் பதுங்கி இரவில் வெளியே வரும் உமிஹோட்டாரு என்ற சிற்றுயிர் மூன்று மில்லிமீட்டருக்குமேல் வளர்வது அபூர்வம். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. உடல் முழுக்க இரண்டு ஓடுகளுக்குள் அடக்கம். சீண்டினால் மேலுதட்டுச் சுரப்பிகளிலிருந்து ஒரு திரவத்தைப் பீய்ச்சும். அது கடல்நீரில் கலந்து நீலமாக ஒளிரும். இந்த ஒளி எங்கே பிறக்கிறது என்பதைத்தான் நான் தேடிப் படித்தேன். கேள்வி அற்பமானதல்ல. கடலில் ஒளிரும் மீன்களில் பல, பாக்டீரியாக்களை உடலில் குடிவைத்துப் பிழைப்பவை. இன்னும் பல, தின்ற இரையின் ஒளிப்பொருளை வைத்தே ஒளிர்பவை. அப்படியிருக்க இந்தச் சிற்றுயிர் மட்டும் தானே தயாரிக்கிறது என்று எதை வைத்து நம்புவது?

பாக்டீரியா சந்தேகத்தை வேதியியலே தீர்த்துவிட்டது. 1880களில் பிரெஞ்சு அறிஞர் ரஃபேல் துபுவா, ஒளிரும் வண்டின் உறுப்பைக் குளிர்நீரிலும் வெந்நீரிலும் தனித்தனியே ஊறவைத்தார். ஒளி அணைந்துபோன இரு சாறுகளையும் கலந்ததும் மறுபடி வெளிச்சம் வந்தது. சூட்டைத் தாங்கும் பொருள் லூசிஃபெரின், தாங்காத நொதி லூசிஃபெரேஸ். அமெரிக்கரான நியூட்டன் ஹார்வி 1916இல் ஜப்பான் போனபோது கண்ட உமிஹோட்டாருவிலும் இதே இரட்டை ஏற்பாடு இருந்தது. ஆனால் அதன் லூசிஃபெரின் லேசில் பிடிபடவில்லை, காற்றுப்பட்டாலே கெட்டுவிடும். நகோயா பல்கலைக்கழகத்தில் ஒசாமு ஷிமோமுரா, அரைக்கிலோ உலர்ந்த உயிரிகளிலிருந்து சில மில்லிகிராமே பிரித்தெடுத்தார். அதைப் படிகமாக்க மாதக்கணக்கில் போராடினார். 1956இல் ஓர் இரவு, மிஞ்சிய கரைசலை வீணாக்காமல் அமினோ அமிலச் சோதனைக்காவது பயன்படுத்தலாமென்று அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். காலையில் குழாயின் அடியில் சிவப்பு ஊசிப் படிகங்கள்! 1966இல் தெளிவான அதன் கட்டமைப்பு, பாக்டீரியாக்களின் ஒளிப்பொருளோடு எந்த வகையிலும் பொருந்தவில்லை. ஆக்சிஜன் அந்த மூலக்கூறின் வளையத்தில் ஏற, கார்பன் டை ஆக்சைடு கழன்றுவிடும்; அப்போது விடுபடும் ஆற்றலே நீல ஒளி. மின்மினிக்குத் தேவைப்படும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு இதற்கு வேண்டியதில்லை. உடலைவிட்டு வெளியேறிய பிறகும் நீரில் ஒளிர முடிவது அதனால்தான் என்பது என் கணிப்பு.

சரி, இரையிலிருந்து வந்திருக்கலாமே? நியாயமான ஆட்சேபம்தான். எடை கூடிய அணுக்களால் அடையாளமிட்ட அமினோ அமிலங்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே உயிருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2004இல் முடிவு வெளியானது. டிரிப்டோபான், ஐசோலூசின், ஆர்ஜினின் மூன்றும் லூசிஃபெரினில் போய்ச் சேர்ந்திருந்தன. அந்த அமினோ அமிலங்களும் உணவிலிருந்துதானே வருகின்றன என்று ஒருவர் மடக்கலாம். அப்படிப் பார்த்தால் நம் தசையும் நம்முடையதல்ல. மூலப்பொருள் எங்கிருந்து வந்தாலும், கோத்தவர் யார் என்பதே இங்கே கேள்வி.

உண்மையில் கடன் வாங்குவோர் எதிர்ப்பக்கம் இருக்கிறார்கள். வட அமெரிக்க மேற்குக் கரையின் மிட்ஷிப்மேன் மீனுக்கு ஒளியுறுப்புகள் உண்டு. ஆனால் பியூஜெட் சவுண்ட் பகுதியில் வாழ்பவை ஒளிர்வதில்லை. உமிஹோட்டாருவின் இனத்தைச் சேர்ந்த உயிர்களைத் தின்னக் கொடுத்தால் ஒளிரத் தொடங்குகின்றன. பாராபிரியாகாந்தஸ் என்ற சிறுமீன் ஒருபடி மேலே போய், லூசிஃபெரினோடு நொதியையும் இரையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது என்று 2020இல் காட்டினார்கள். நொதி ஒரு புரதம். வயிற்றில் செரிக்காமல் அது எப்படித் தப்புகிறது என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு ஆட்சேபம் பலமானது. கோப்பிபாட் என்ற மிதவை உயிரிகளின் ஒளிப்பொருளான கோயிலென்டெராசினிலும் உமிஹோட்டாரு லூசிஃபெரினின் அதே நடுவளையம் இருக்கிறது. அப்படியானால் இரண்டுக்கும் மூதாதை ஒன்றுதானோ? நான் அப்படி நினைக்கவில்லை. கோயிலென்டெராசினில் கோக்கப்படும் அமினோ அமிலங்கள் வேறு, டைரோசினும் ஃபினைல்அலனினும். இரண்டின் நொதிகளுக்கும் ஒட்டுறவு இல்லை. தனித்தனியாக இருவர் ஒரே வேதியியலைக் கண்டடைந்தார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஷிமோமுராவுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது உமிஹோட்டாருவுக்காக அல்ல, ஏக்குவோரியா ஜெல்லி மீனின் பச்சைப் புரதத்துக்காக. அந்த ஜெல்லி மீனோ, கோயிலென்டெராசின் இல்லாத உணவைக் கொடுத்து வளர்த்தால் ஒளிர்வதே இல்லை.