வாயிலில் நின்ற மாணவன்

சிறு குறை ஒன்றைக் கண்டவுடன் ஒருவனை இன்னான் என்று முடிவு கட்டிவிடுவது உலக இயல்பு. காலந்தாழ்த்தி வருபவனைச் சோம்பன் என்பர். வீணே நிற்பவனைப் பயனற்றவன் என்பர். ஆயினும், மனித உள்ளத்தில் மறைந்து கிடக்கும் பேராற்றல் எப்பொழுது வெளிப்படும் என்பதை யார் அறிவார்? இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியவன் ஐத்சாஸ் ஹசன் என்னும் மாணவன்.

பாகிஸ்தான் நாட்டின் வடமேற்கே உள்ளது கைபர் பக்தூன்குவா மாகாணம். அதன் ஹங்கு மாவட்டத்தில் இப்ராகிம்சாய் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அவ்வூர்ப் பள்ளியில் ஏறத்தாழ 2,000 மாணவர் பயின்று வந்தனர். 2014ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள் காலை, மாணவர்கள் பள்ளியினுள் ஒருங்கே கூடியிருந்தனர். பதினைந்து வயதளவினனாகிய ஐத்சாஸ் மட்டும் அக்கூட்டத்தில் இல்லை. அன்று அவன் நேரங்கழித்து வந்திருந்தான். அதற்குத் தண்டனையாகத் தோழர் சிலருடன் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தான்.

அவ்வேளையில் இளைஞன் ஒருவன் அங்கு வந்தான். தான் பள்ளியிற் சேர வந்திருப்பதாகக் கூறினான். அவன் உடையினுள் வெடிகுண்டு மறைந்திருப்பதை மாணவர் கண்டுகொண்டனர். உடனிருந்தோர் அஞ்சி விலகினர். ஐத்சாஸையும் வந்துவிடுமாறு அழைத்தனர். அவர்கள் அஞ்சியதில் பிழை ஏதும் இல்லை. உயிர் எவர்க்கும் இனியதன்றோ!

ஐத்சாஸும் ஓடியிருக்கலாம். ஓடியிருந்தால் அவனைப் பழிப்பார் ஒருவரும் இரார். ஆனால், உள்ளே இருப்பவர் தன் தோழர் என்பதை அவன் எண்ணினான். வந்தவனைத் தடுத்தே தீருவேன் என்றான். விரைந்து சென்று அவனை மறித்தான். அக்கணமே குண்டு வெடித்தது. ஐத்சாஸ் உயிர் நீத்தான். பள்ளியினுள் இருந்த மாணவர் உயிர் பிழைத்தனர். உள்ளே விடாது தன்னை நிறுத்திய வாயிலுக்கு அவனே காவலனாயினான்!

அயல்நாட்டில் உழைத்துவந்த தந்தை, செய்தி அறிந்து ஊர் திரும்பினார். தன் மகன் ஒரு தாயை அழவைத்தான். பல நூறு தாய்மார் அழாதபடி காத்தான் என்று அவர் கூறினார். அத்துணைத் துயரத்திலும் பிறர் பிள்ளைகளை நினைந்த அவர் உள்ளம் எத்துணைப் பெரிது! பாகிஸ்தான் அரசு, வீரத்திற்குரிய ‘சிதாரா-இ-சுஜாத்’ என்னும் உயர்ந்த விருதினை ஐத்சாஸுக்கு அளித்துப் பெருமைப்படுத்தியது.

காலந்தவறாமை நற்பண்பே, அதனைப் பேணுதல் மாணவர் கடமை. எனினும், காலந்தவறியவன் ஒருவனைக் காணுங்கால், அவன் குறை ஒன்றையே கொண்டு அவனை அளந்துவிடுதல் கூடாது. தக்க தருணம் வரும்வரையில் எவருடைய பெருமையும் முழுதும் அறியப்படுவதில்லை. அன்று இப்ராகிம்சாய்ப் பள்ளிக்கு மிகப் பிந்தி வந்த மாணவனே, பிறரைக் காக்க முந்தி நின்றான்.