பம்பை அடைக்கும் மருந்து

மார்ச் 3, திங்கள்

கீமோவுக்கு மசியாத டியூ145 செல்களை இன்று மருந்தில்லாத மீடியாவுக்கு மாற்றினேன். சாதாரண டியூ145-ஐ டோசெடாக்சல் என்ற கீமோ மருந்தில் வளர்த்து, அளவை மெல்ல மெல்லக் கூட்டி, ஒவ்வொரு முறையும் பிழைத்ததை மட்டும் எடுத்துப் பல மாதம் பாடுபட்டு உருவாக்கிய கூட்டம் இது. சோதனைக்கு முன் சில நாள் மருந்தில்லாமல் விடவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தங்கிய பழைய டோசெடாக்சலே கணக்கைக் கெடுத்துவிடும்.

மூளைக்குப் பரவிய ஒரு புராஸ்டேட் கட்டியிலிருந்து பிறந்த செல் வரிசை. 1978-இல் வெளியுலகுக்கு வந்தது. இன்குபேட்டரைத் திறக்கும்போது அந்த நோயாளியை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

மார்ச் 6, வியாழன்

மதியம் முழுக்க ஹூட்டில். 96 குழி பிளேட்டில் ஓரக் குழிகள் 36. அவை இன்குபேட்டரில் சீக்கிரம் வற்றும் என்பதால் அவற்றில் வெறும் உப்புநீர், உள்ளே இருக்கும் 60 குழிகளில் செல். நாளை காலை மருந்து. டோசெடாக்சல் ஏழு அளவுகளில், ஒரு வரிசையில் தனியாக, இன்னொரு வரிசையில் பைகாலுடமைடோடு.

கூட இருந்த மாணவி கேட்டாள்: "அக்கா, பைகாலுடமைடு ஆண் ஹார்மோன் ஏற்பியை அடைக்கிற மருந்துதானே? டியூ145-இல் அந்த ஏற்பியே கிடையாதே, அப்புறம் எதுக்கு?"

அதனால்தான் இந்தச் செல். கீமோவுக்குத் தப்பும் புற்றுச்செல்கள் பல, தம் சவ்வில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்பைப் பெருக்கிக்கொள்கின்றன. 1976-இல் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் கண்டது. உள்ளே நுழையும் டோசெடாக்சலை அது வெளியே தள்ளிவிடும். பைகாலுடமைடும் அதே வகை மருந்தான என்சலுடமைடும் அந்தப் பம்பையே முடக்குகின்றன என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2015-இல் காட்டினார்கள். ஹார்மோன் ஏற்பி இல்லாத செல்லிலும் கூட்டு வேலை செய்தால், ஹார்மோன் வழி இதில் சம்பந்தப்படவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

மார்ச் 10, திங்கள்

மருந்து போட்டு 72 மணி நேரம். காலையில் மஞ்சள் எம்டிடி சாயம் விட்டோம். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதாவாக மாற்றும். டோசெடாக்சல் மட்டும் போட்ட வரிசை கடைசிக்கு முந்தைய குழி வரைக்கும் அடர் ஊதா. பைகாலுடமைடு சேர்ந்த வரிசை பாதியிலேயே வெளுத்துவிட்டது. பைகாலுடமைடு மட்டும் போட்ட குழிகளில் எந்த வித்தியாசமும் இல்லை.

மாணவி உடனே சௌ–டலாலே கூட்டுக் குறியீடு போட உட்கார்ந்தாள். 1984-இலிருந்து எல்லோரும் எடுக்கும் கணக்கு: 1-க்குக் கீழே வந்தால் இரண்டு மருந்தும் ஒன்றுக்கொன்று துணை, மேலே போனால் பகை. நான் தடுத்தேன். இரண்டு மருந்தும் தனித்தனியே கொல்லும்போதுதான் அந்தக் கணக்குக்கு அர்த்தம். இங்கே ஒன்று கொல்கிறது, மற்றொன்று கதவை அடைக்கிறது. பாதிச் செல்லை அடக்க எவ்வளவு டோசெடாக்சல் தேவைப்பட்டது, துணை மருந்தோடு அது எவ்வளவாகக் குறைந்தது என்று எழுதினால் போதும், அதுதான் நேர்மை.

எம்டிடியை மட்டும் நம்பவும் முடியாது. டோசெடாக்சல் பட்ட செல் சில சமயம் சாகாமல், பிளவுபடவும் முடியாமல், பெருத்துக் கிடக்கும். பிறகு எழுந்தாலும் எழும். அதனால், செல் மீண்டும் பெருகுகிறதா என்று பார்க்கும் காலனி சோதனையும் தொடங்கிவிட்டேன். அதற்கு இரண்டு வாரம் ஆகும்.

மார்ச் 11, செவ்வாய்

ரோடமின் 123 சோதனை. பம்பு ஓடும் செல் பச்சையாக ஒளிரும் அந்தச் சாயத்தைத் துப்பிவிடும். பைகாலுடமைடு பட்ட செல்களில் ஒளி அப்படியே தங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க, கபாசிடாக்சல் என்ற இன்னொரு கீமோவுக்கும் பிளேட் போட்டாயிற்று.

மார்ச் 12, புதன்

இன்று சந்தோஷத்தை ஓரம் வைத்துவிட்டுப் படித்தேன். நோயாளிகளிடம் டோசெடாக்சலோடு எதைச் சேர்த்தாலும் பலன் கிடைக்காத காலம் ஒன்று உண்டு. 2004-இல் டோசெடாக்சல், பழைய கீமோவான மைட்டோசான்ட்ரோனை வென்றபோது இடைநிலை ஆயுள் 16.5 மாதத்திலிருந்து 18.9 ஆயிற்று. ஹார்மோன் சிகிச்சையை மீறிய புராஸ்டேட் புற்றில் ஆயுளை நீட்டிய முதல் கீமோ அதுதான். பிறகு பெவசிஸுமாப் சேர்த்தார்கள்: 22.6 மாதம், சேர்க்காதவர்களுக்கு 21.5. புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்லை, பக்கவிளைவு மட்டும் கூடியது. அட்ராசென்டன், டாசாடினிப், அஃப்ளிபெர்செப்ட் எல்லாம் அப்படியே போயின. லெனாலிடோமைடு சேர்த்தவர்களின் ஆயுள் குறைந்ததால் அந்த ஆய்வையே நிறுத்தினார்கள். ஆய்வகத்தில் நன்றாகத் தெரிந்த ஜோடிகள்தான் இவையெல்லாம். இதை எந்தப் புது மாணவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

பம்பை அடைப்பதும் பழைய ஆசை. 1981-இல் ஜப்பானில் சுருவோ, ரத்த அழுத்த மருந்தான வெரபமில்லைக் கொண்டு அதைச் செய்தார். ஆனால் பம்பை அடைக்கத் தேவையான அளவு இதயத்துக்குத் தாங்காது. பிறகு வந்த வால்ஸ்போடார் உடலிலிருந்து கீமோ வெளியேறுவதையே தாமதப்படுத்தியது. கீமோ அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஒரு காரணம்: அதே பம்பு குடலிலும் சிறுநீரகத்திலும் மூளையின் ரத்தநாளச் சுவரிலும் காவல் நிற்கிறது.

பைகாலுடமைட்டைப் பல ஆண்டுகளாக நோயாளிகள் விழுங்கிவருகிறார்கள், மனித உடல் அதை அறியும். தினம் 50 மி.கி. சாப்பிடுபவர் ரத்தத்தில் மில்லிலிட்டருக்குச் சுமார் 9 மைக்ரோகிராம் நிற்கும். என் பிளேட்டில் அதே அளவுதான். ஆனால் ரத்தத்தில் அதில் 96 சதவீதம் புரதத்தோடு ஒட்டிக்கிடக்கும். என் மீடியாவில் சீரம் பத்து சதவீதம்தான். அப்படியானால் என் செல்கள் பார்த்த மருந்து, ஒரு மனிதரின் கட்டி பார்க்கும் மருந்தைவிட எவ்வளவோ அதிகம்.

மார்ச் 15, சனி

கபாசிடாக்சலை இந்தப் பம்பு சரியாகப் பிடிக்காது. எதிர்பார்த்தபடியே, தனியாகவே அது நன்றாகக் கொன்றது, பைகாலுடமைடு சேர்த்ததில் பெரிய மாற்றமில்லை. பம்புதான் காரணம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அதே நேரம் ஆய்வகத் தலைவரான சார் ஒரு கேள்வி கேட்டார்: "கபாசிடாக்சலே இருக்கும்போது இந்தக் கூட்டு யாருக்கம்மா?"

அதை வாங்க முடியாதவர்களுக்கு, சார், என்றேன். பைகாலுடமைடு மலிவு மாத்திரை, டோசெடாக்சல் அரசு மருத்துவமனையிலும் கிடைக்கிறது. அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "அப்ப புரதத்தோட செஞ்சு காட்டு" என்றார்.

ரத்தப் புரதமான மனித ஆல்புமின் திங்கட்கிழமை வருகிறது. ரத்தத்தில் இருக்கும் அளவுக்கு, மில்லிலிட்டருக்கு 40 மில்லிகிராம் சேர்த்து அதே பிளேட்டைத் திரும்பப் போடுவேன். அங்கேயும் ஊதா வெளுத்தால்தான் எலிப் பரிசோதனைக்கு விண்ணப்பம் எழுதுவேன். சாரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.