புளியங்காட்டு ஊரில் தக்காளி

சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயிலில் திண்டிவனம் வந்ததும் அந்த ஊரின் பெயரைச் சற்று யோசித்துப் பாருங்கள். 'திந்திரிணி' என்றால் புளி. புளியமரக் காடாக இருந்த இடம்தான் திண்டிவனம் ஆயிற்றாம்! நம் முன்னோர் சமையலில் புளிப்புக்கு அந்த மரத்தைத்தான் நம்பினார்கள். தக்காளி கடல் கடந்து வந்த விருந்தாளி. 'சீமைத் தக்காளி' என்றே பலரும் சொல்லி வந்தார்கள். பச்சை மிளகாயும் அதே அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான்.

மெக்ஸிகோவில் இவ்விரண்டையும் சேர்த்து 'ஸல்ஸா' என்று ஒன்று செய்கிறார்கள். கல்லில் நசுக்குவதும் உண்டு. நம் அம்மியே போதும். பொடியாக நறுக்கியும் கலக்கலாம். அடுப்பே வேண்டாம்! கெட்டியான தக்காளி 4, சின்ன வெங்காயம் 6, பச்சை மிளகாய் 2, ஒரு பிடி கொத்துமல்லி, அரை மூடி எலுமிச்சம் பழச்சாறு. உப்பைப் பரிமாறும்போதுதான் போடவேண்டும். முன்னாலேயே போட்டால் தக்காளி தண்ணீர் விட்டுவிடும். கடுகு தாளிக்கக் கை துறுதுறுக்கும்; தாளித்தால் அது வேறு பண்டம்.

ஆனால் ரயிலுக்கு இதைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். புளியும் எண்ணெயுமாகக் கிளறிய புளியோதரை தாங்கும். வேகாத தக்காளி வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். குழந்தைகள் சாப்பிடுவது அல்லவா? நாலா பக்கமும் தண்டவாளம் பிரியும் விழுப்புரம் ஜங்ஷனில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரியுங்கள். தக்காளி முழுசாகப் பையில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்த வீட்டில் அரிவாள்மணை இல்லாமலா போகும்?