கியரைப் பிடிச்சுக்குங்க சார்!

கொல்லிமலையில் ஊராட்சிகளுக்குப் பேரே 'நாடு'தான். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, பெரக்கரை நாடு... ஒரே நாளில் மூணு நாடு சுற்றலாம், பாஸ்போர்ட் வேண்டாம்! ஆனால் காரவள்ளி அடிவாரத்துக்கு இறங்க நல்ல கியர் பாக்ஸ் வேண்டும். வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள்!

பெரக்கரை நாட்டில் பலாப்பழ லோடு ஏற்றிய பழைய பிக்கப் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. சோளக்காடு தாண்டி இறங்கும்போது திடீரென்று 'டக்'! செகண்ட் கியர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிட்டது. வண்டி பிய்த்துக்கொண்டு ஓட, பலாப்பழங்கள் உருண்டு வந்து கேபினில் முட்டின. டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார். நான் குதித்து சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

"பயந்துட்டீங்களா சார்?"

"சேச்சே" என்றேன். குரல்தான் வெளியே வரவில்லை.

விஷயம் இதுதான். போட்ட கியர் நழுவாமல் பிடித்து வைப்பது ஒரு சின்ன ஸ்பிரிங்கும் இரும்புக் குண்டும். அதுவோ கியர் பல்லோ தேய்ந்தால் இறக்கத்தில் கியர் நழுவும். இன்ஜின் பிடி போய், மொத்த பாரமும் பிரேக் தலையில்! ட்ரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் பிரேக்கும் கைவிடும். 'ஏறின கியர்லயே இறங்கு' என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான்.

ட்ரம் ஆறும்வரை காத்திருந்து, பர்ஸ்ட் கியரில் நடை வேகத்தில் இறங்கினோம். "கியரைப் பிடிச்சுக்குங்க சார்" என்றார் அண்ணன். பிடித்தேன். அடிவாரம் வந்ததும், "இப்ப விடலாம் சார்" என்று மூன்று தடவை சொன்னார். விரல்கள்தான் கேட்கவில்லை!